ஓட்டை விழாத பத்திரம்

— கழட்டுடா அதை. முதல்ல கழட்டு, அப்புறம் காபி குடிக்கிறேன்.

— வந்ததும் வராததுமா ஏன்க்கா... அது வெறும் பழைய பங்குப் பத்திரம்.

— எந்தக் கம்பெனிதுன்னு எனக்கு வாசிக்கத் தெரியாதா? நம்ம அப்பாவை உள்ள வச்சு மூடின சுரங்கம்டா! அதுக்குக் கண்ணாடி போட்டு, சோபாவுக்கு மேல, மாமனார் படம் மாதிரி மாட்டியிருக்க!

— அதாவதுக்கா, இதைச் சேகரிக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க. அந்தக் காலத்து அச்சு வேலை. ஓரத்துல பூங்கொடி, நடுவுல சக்கரம்...

— கொடியாம், சக்கரமாம்! மண்வெட்டியோட சிரிச்சுக்கிட்டு நிக்கிறானே, அவன் யாரு? எந்தச் சுரங்கத்துலடா சட்டை கசங்காம வேலை பாத்தாங்க? அப்பா வீட்டுக்கு வந்தா பல்லு மட்டும்தான் வெள்ளையா தெரியும். உனக்கெங்க தெரியப்போகுது, நீ கைக்குழந்தை.

— தெரியாதுதான். எல்லாம் நீ சொல்லித்தான்.

— அப்ப இன்னொரு தடவ கேளு. உள்ள தீப்பிடிச்சுச்சு. காத்து போனா கரி பூரா எரிஞ்சிரும்னு மறுநாளே சுரங்க வாயைக் கான்கிரீட் வச்சு அடைச்சாங்க. உள்ள இருந்து குழாயைத் தட்டுற சத்தம் என் காதால கேட்டேன்டா! கத்தினேன். காவலாளி என்னை அலாக்கா தூக்கிட்டுப் போய் வெளிய விட்டுட்டான். ஆளை விடக் கரி பெருசு! சரி, அந்தக் கரியையாவது எடுத்தானுங்களா? அதுவும் இல்ல. போட்டது போட்டபடி ஓடிட்டானுங்க.

— உக்காருக்கா. காபி ஆறுது.

— ஆறட்டும்! இது ஒண்ணுதானா, இன்னும் இருக்கா?

— ரெண்டு பீரோ நிறைய இருக்கு.

— அடப்பாவி!

— முழுசாக் கேளேன். செல்லாததுன்னு ஓட்டை குத்தின பத்திரத்தைத்தான் மத்தவங்க அழகுக்கு வாங்கி மாட்டுவாங்க. அதாவது, நான் ஓட்டை விழாததா பாத்துத் தேடித் தேடி வாங்கினேன். பழைய பங்குதாரர்களோட பேரன் பேத்திங்க வீட்டு வாசல்ல நின்னு, பங்கை மாத்திக் கொடுத்ததா கையெழுத்து வாங்கினேன். பைத்தியம்னு சிரிச்சாங்க.

— நானும் அதைத்தான் சொல்றேன்.

— அந்தக் கம்பெனியை யாரும் இன்னும் கலைக்கலக்கா. மறந்துட்டாங்க. மலை இப்பவும் அது பேர்லதான் இருக்கு.

— இருந்துட்டுப் போகட்டும்! அதை வச்சு நாக்கு வழிக்கவா?

— சுரங்கத்தைத் திறங்கன்னு அரசாங்கத்துல மனு போட்டேன். நிலத்துக்காரங்க சம்மதிச்சா திறக்கலாம்னுட்டாங்க. அதாவது, பாதிக்கு மேல பங்கு யார் கையில இருக்கோ அவங்க.

— அவனுங்களா சம்மதிப்பானுங்க? நெஞ்சுல ஈரம் இருந்திருந்தா அன்னைக்கே அந்தத் தட்டுற சத்தம் கேட்டிருக்காதா? அவனுங்க வாரிசு மட்டும் எப்படி இருக்கும்? கேவலம், அவனுங்க கால்ல போய் விழப்போறியா? சொல்லுடா!

— அன்னைக்கு அங்க நின்னது நீதானேக்கா. அதனால எல்லாப் பத்திரத்தையும் உன் பேருக்குத்தான் மாத்தியிருக்கேன். பாதியைத் தாண்டியாச்சு. சொல்லுங்க முதலாளியம்மா, அப்பாவை வெளிய எடுக்கலாமா?