என் வீட்டு உப்பே! அல்லது ஸ்பானிஷ் எனக்கு அடங்கிய கதை

அவைக்கு விளக்காகவும் மின்விசிறிக்கு நேராகவும் அமர்ந்திருக்கும் தலைவர் தேவநாதன் ஐயா அவர்களே! அகராதியை மடியில் கிடத்தித் தாலாட்டிக்கொண்டிருக்கும் பேராசிரியர் சிவஞானம் அவர்களே! வெயிலில் வெந்து, வெள்ளையாய் விளைவித்து, நாட்டுக்கெல்லாம் நாக்குருசி தந்த உப்பளத்துப் பெரியோர்களே! ஊர் உலைக்கெல்லாம் உப்பு போடும் உத்தமத் தாய்மார்களே! மிக்சர் பொட்டலத்துக்காகவேனும் நம் மரக்காணம் வாசகர் வட்டத்தை மதித்து வந்த இளைஞர்களே! அனைவருக்கும் கன்னியப்பனின் உப்புக் கரிக்கும் வணக்கம்!

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து விடுதலை பெற்றது. ஆனாலும் என்ன? ஆரோவில்லில் ஒரு ஸ்பெயின் தேசத்து அம்மாள் வீட்டுக்கு உப்பு கொண்டுபோய்க் கொடுத்தே அந்த மொழியை மடக்கினேன். யாரய்யா அங்கே சிரிக்கிறது? அந்த அம்மாளே, "கன்னியப்பன், நீ பேசுகிற ஸ்பானிஷை எங்கள் நாட்டில் ஒருவராலும் பேச முடியாது" என்று வியந்தார்!

அவர் இரவல் தந்த நாவலைத்தான் இந்த வட்டத்தில் மாதந்தோறும் உரக்கப் படித்துப் பொருள் சொல்லி வந்தேன். என்ன நாவல்! கோபக்காரி ஒருத்தி பெருமூச்சு விட்டால் அடுத்த தெருவில் துணி காய்கிறது. செத்துப்போன தபால்காரர் தினமும் வந்து கடிதம் கொடுக்கிறார். இதற்கு மாய யதார்த்தம் என்று பெயராம், பேராசிரியர் சொன்னார். ஐயா, செத்தவர் கடிதம் கொடுத்தால் மாயம்; செத்தவர் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டால் யதார்த்தமா?

அந்த நாவலில் ஓர் இடம். கதாநாயகி வாசலில் நின்று கப்பல்காரக் கணவனைப் பார்த்துச் சொல்கிறாள்: "சால் தே மி காசா!" காசா என்றால் துட்டு இல்லை, வீடு. சால்? அந்த அம்மாளின் அடுக்களை டப்பாவில் ஒட்டியிருக்கும் சொல். டப்பாவுக்குள் இருப்பதோ நான் கொடுத்த உப்பு! ஆகவே, "என் வீட்டு உப்பே!" என்று பொருள் சொன்னேன். கணவனைக் கண்ணே என்றவள் உண்டு, கரும்பே என்றவள் உண்டு. உப்பே என்றவள் உண்டா? சபை உருகியதா, இல்லையா?

இப்போது எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் என்ன சொன்னார்? சால் என்றால் உப்பும்தானாம். ஆனால் அந்த இடத்தில் "வெளியே போ" என்று பொருளாம். என் வீட்டை விட்டு வெளியே போ! சொல்லிவிட்டுச் சாவகாசமாகச் சோடா குடித்தார். அவருக்கென்ன! அதைக் கேட்டு மூன்றாம் வரிசையில் ஒரு முகம் கருத்ததே, பார்த்தாரா? டேய் சவரிமுத்து, எங்கடா எழுந்து போற? உட்காரு!

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சவரிமுத்து உப்பளத்தில் வேலை செய்பவன். இவன் மனைவி மேரிசெல்விக்கு அந்த ஸ்பெயின் அம்மாள் வீட்டில்தான் சமையல் வேலை. மேரிசெல்வி எனக்குத் தங்கச்சி மாதிரி. அது ஆசையாய் வளர்த்த கிடாயை, போன ஐப்பசியில் இந்த மகராசன் வெட்டிக் கூட்டாளிகளுக்கு விருந்து வைத்துவிட்டான். வீட்டுக்கு வந்த தங்கச்சி, அக்கம்பக்கத்துக்குப் புரியக் கூடாதே என்ற பெருந்தன்மையோடு, எசமானியம்மாவிடம் கேட்ட பாஷையிலேயே கத்தியது: "சால் தே மி காசா!"

வார்த்தை புரியவில்லை, விளக்குமாறு புரிந்தது. ஆளில்லாத உப்பளக் கொட்டகையில் போய்ப் படுத்தான். அங்கிருந்துதான் அந்த மாதக் கூட்டத்துக்கு வந்தான். நான் பொருள் சொன்னதும் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, என்னையும் அதே வார்த்தைதான் சொல்லிச்சு மாமா!"

"இன்னான்னு?"

"சால் தே மி காசான்னு. அப்ப நான் அது வூட்டு உப்பா?"

"பின்ன? போடா வூட்டுக்கு! வெறுங்கையோட போவாத."

மழை வானத்தைப் பொத்துக்கொண்டு கொட்டுகிறது. ஒரு முழம் கதம்பத்தோடு வாசலில் போய் நின்றான். பெருமைக்குச் சொல்லவில்லை, துணைக்கு நானும் போனேன். குடையின் கீழே நான், மழையின் கீழே அவன்.

"இன்னாத்துக்கு வந்த?"

"நீதானே சொன்ன, உன் வூட்டு உப்புன்னு?"

"யாரு சொன்னது அப்படி?"

"கன்னியப்பன் மாமா."

தங்கச்சி என்னைப் பார்த்தது. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தது. பிறகு சொன்னது: "உப்பு மழையில நின்னா கரைஞ்சிடும். உள்ள வாய்யா."

பேராசிரியர் அவர்களே! உங்கள் அகராதி சரியாகவே இருக்கட்டும். அது இதுவரை எத்தனை பேரை வீடு சேர்த்திருக்கிறது? சவரிமுத்து, தலையைத் தூக்குடா. உன்னை வெளியே போகச் சொன்னது எந்த பாஷையில? ஸ்பானிஷ்ல! உள்ளே வரச் சொன்னது? சத்தமா சொல்லு, சபைக்குக் கேட்கட்டும்!

"தமிழ்லதான் மாமா!"

கேட்டீர்களா? விரட்டியது வாடகை வார்த்தை. அழைத்தது வயிற்றிலிருந்து வந்த வார்த்தை! போ என்று சொல்லக் கடல் கடந்து கடன் வாங்க வேண்டியிருந்தது. வா என்று சொல்லச் சொந்தத் தமிழே போதுமானதாய் இருந்தது! எனவே என் மொழிபெயர்ப்பை நான் திருத்தப் போவதில்லை. ஸ்பெயின்காரர்கள் வேண்டுமானால் நாவலைத் திருத்திக்கொள்ளட்டும்!

கைதட்டல் போதும், போதும். அதோ, மேரிசெல்வி தங்கச்சி தாய்மார்கள் பக்கமிருந்து எழுந்து ஆண்கள் வரிசைக்கு வருகிறது. ஏம்பா, நகர்ந்து உட்காருங்க. டேய் சவரிமுத்து, பக்கத்துல இடம் விடுடா!

பொறுத்தவர்களுக்கு நன்றி, சிரித்தவர்களுக்கு இன்னும் நன்றி. மிக்சர் வந்துவிட்டது, நான் இறங்குகிறேன். வணக்கம்!