பெனிஷா ஒட்டாமல் விட்டுப்போன சுவரொட்டிகள்

மேடையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் கூத்துக் குழுத் தலைவர் திம்மப்பன் அவர்களே, மகளைப் பறிகொடுத்து முன்வரிசையில் இருக்கும் சூசை ஐயா அவர்களே, ஷிப்ட் முடிந்து கம்பெனி உடுப்போடு வந்திருக்கும் தொழிலாளர்களே! இந்தக் குழுவில் வேடம் கட்டுகிறவனும் நிர்வாகிகளில் ஒருவனுமான ஆஞ்சப்பன் பேசுகிறேன். என்ன பேசுவது? எப்படிப் பேசுவது?

நம் சுவரொட்டிகளை வடிவமைத்தவர் ஓவியர் பெனிஷா. வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூத்துக்குச் சூளகிரியில் சுவரொட்டி ஒட்டிவிட்டு நெடுஞ்சாலையில் திரும்பியவரை லாரி அடித்துப் போட்டது. அங்கேயே உயிர் போய்விட்டது. "ஞாயித்துக்கெழம கூத்து உண்டா, இல்லையாண்ணா?" என்று வாசலில் என்னைக் கேட்டீர்கள்.

பெனிஷா வருமுன் நம் கூத்துக்கு யார் வந்தார்கள்? ஆடுகிறவர்களின் வீட்டார் வந்தார்கள்! பேனரில் நிர்வாகிகளின் முகங்கள்தான் இருக்கும். எந்த ஊரில் கூத்து என்று தேட வேண்டும். பெனிஷா அத்தனை முகங்களையும் எடுத்தெறிந்தார். பாதி அரிதாரம் பூசிய ஒரே முகம், சுவர் நிறைய! கீழே தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் இடமும் நேரமும். கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில், சன்னல் உயரத்துக்கு ஏணி போட்டு ஒட்டினார்.

தலைவருக்குக் கோபம். "எங்க படம் இல்லாம எவன்மா வருவான்?"

"உங்களத்தான் தெனமும் பாக்கறாங்களே சார். பஸ்சுல தூங்கறவன் முழிச்சுப் பாக்கணும்."

பார்த்தார்களே! அந்த ஆண்டு நிற்க இடமில்லை. கன்னடம் பேசும் குடும்பங்கள் முன்னால் வந்து உட்கார்ந்தன.

அவருக்கு நாம் செய்தது என்ன? வாசலில் கட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸைப் பாருங்கள். நிர்வாகிகள் நாம் வரிசையாக நிற்கிறோம்; பெனிஷா மூலையில், தபால்தலை அளவில்! செத்தது யார்? நாமா? வெட்கமாக இருக்கிறது.

காலையில் சூசை ஐயா, ஒட்டாமல் மிச்சமிருந்த சுவரொட்டிகளை என் கையில் கொடுத்தார். "கூத்த நிறுத்திராதீங்கப்பா. எம்பொண்ணு செத்ததுக்கு அர்த்தமே இல்லாமப் போயிரும்" என்றார்.

கூத்து நடக்கும். கூட்டம் முடிந்ததும் அந்த ஃப்ளெக்ஸை நானே அறுத்து இறக்குவேன். மிச்சச் சுவரொட்டிகளை இன்றைக்கே ஒட்டி முடிப்போம். கை கொடுக்கிறவர்கள் வாருங்கள். அடுத்த ஆண்டு யார் வரைவார்? தெரியாது. யார் வரைந்தாலும் அதில் நம் முகம் இருக்காது என்று பெற்ற தகப்பன் முன்னால் உறுதி சொல்கிறேன்.

தலைவர் அவர்களே, எழுந்து வாருங்கள். அதை நீங்களும் சொல்லுங்கள்.