உயர வரிசையில் வந்த கண்ணாடி

தலைவர் அய்யா வாட்சைப் பாக்குறாரு… எனக்கும் தெரியுது, சாம்பார் வாசனை மேடை வரைக்கும் வந்துடுச்சு. ஆனா இந்த மேஜை மேல அடுக்கி வச்சிருக்கிற பெட்டிகளைப் பாத்ததும் எனக்கு ஒரு குட்டிக் கதை ஞாபகம் வந்துடுச்சு. அதைச் சொல்லாம இறங்கினா, எனக்குச் சோறு இறங்காது. சொல்லட்டுமா?

திண்டுக்கல் பக்கம் ஒரு ஊரு. அங்க ஒரு சேவைச் சங்கம். நம்மள மாதிரியே… எல்லாத்துலயும் நம்மள மாதிரியே! அவங்க ஒரு பள்ளிக்கூடத்துல கண் முகாம் போட்டாங்க. நல்ல காரியமா இல்லையா? நல்ல காரியம்! டாக்டர் வந்து ஒவ்வொரு புள்ளையா பாத்தாரு. கண்ணாடி தேவைப்படுற புள்ளைங்ககிட்ட, ஃப்ரேம் கலரை நீங்களே எடுத்துக்கங்கன்னாரு. ஒன்பதாவது படிக்கிற யோகேஸ்வரி நீலக் கலரைத் தொட்டா. டாக்டர் சோதனைக் கண்ணாடியை மாட்டி விட்டதும் ஜன்னல் வழியா எட்டிப் பாத்தாளாம். "சார்… புளிய மரத்துல இலை தனித்தனியா இருக்கு சார்!" அதுவரைக்கும் அவளுக்கு மரம்னா மொத்தமா ஒரு பச்சை. அவ்வளவுதான்.

ரெண்டு வாரம் கழிச்சு கண்ணாடி வழங்கும் விழா. பந்தல், மாலை, சால்வை… சங்கத் தலைவர் பட்டு வேட்டியில வந்து நிக்குறாரு. புள்ளைங்களைப் பேர் வரிசையில நிறுத்தி வச்சிருக்காங்க. போட்டோகிராபர் வந்தாரு. "என்ன சார் இது… மேலயும் கீழயுமா இருக்கு? குட்டைப் புள்ள முன்னாடி வா, நெட்டைப் புள்ள பின்னாடி போ!" வரிசை அழகாயிடுச்சு. தலைவர் ஒவ்வொரு பெட்டியா எடுத்து மாட்டி விட்டாரு. டப்பு டப்புன்னு ஃபிளாஷ். எல்லாப் புள்ளையும் சிரிச்சுது.

ஒரு மாசம் ஆச்சு. பாத்தா… ஒரு புள்ளகூட கண்ணாடி போடலை. தப்பு, தப்பு, ஒரே ஒரு புள்ள போட்டுச்சு. கவின்ராஜ்னு ஒரு பையன். தினமும் போட்டுக்கிட்டு வருவான், தினமும் கதவுல முட்டுவான். ஹெட்மாஸ்டர் பிரேயர்ல அவனை நிக்க வச்சு, "பாருங்க, இவன்தான் நன்றியுள்ள பையன்!"னாரு. நன்றி அவன் நெத்தியில வீங்கி இருந்துச்சு.

சங்கத்துல கூட்டம் போட்டாங்க. "இலவசமா குடுத்தா மதிக்க மாட்டேங்குறாங்கய்யா! விழிப்புணர்வு இல்ல. ஒரு பேரணி விட்டுரலாம்." தீர்மானம் நிறைவேறிடுச்சு.

அந்த டாக்டரோட கண் ஆஸ்பத்திரியில ஜெசிந்தான்னு ஒரு சமூகப் பணியாளர், முகாமுக்கும் கூட வந்திருந்துச்சு. கொஞ்சம் கோவக்காரப் பொண்ணு. அது பேரணிக்குப் போகலை, யோகேஸ்வரி வீட்டுக்குப் போச்சு. போன உடனே ஒரு சத்தம். "ஏம்மா, கண்ணாடி எங்க? பொட்டிக்குள்ள வச்சுப் பூட்டவா குடுத்தோம்?"

யோகேஸ்வரி அம்மா நாகஜோதி சொல்லுது… "விடுங்க மேடம். கண்ணாடி போட்டும் இவளுக்குப் படிப்பு ஏறலை. முன்னாடியாச்சும் கண்ணு தெரியலைன்னு நெனைச்சேன். இப்ப கண்ணாடியும் போட்டாச்சு, அப்பவும் போர்டுல இருக்கிறதைப் படிக்க மாட்டேங்குறா. மூளையிலதான் கோளாறு போல. மில்லுக்காரங்க வேலைக்குக் கேட்டுட்டுப் போயிருக்காங்க. திங்கக்கிழமை வேன் வருது, ஏத்தி விட்டுரலாம்னு இருக்கேன்."

எப்படி இருக்கு? நாம குடுத்த கண்ணாடியே அந்தப் புள்ளைக்கு எதிரா சாட்சி சொல்லுது! குடுக்காம இருந்திருந்தாக் கூட இன்னும் ஒரு வருஷம் படிச்சிருக்கும்யா அது.

ஜெசிந்தாவுக்குக் கோவம் இறங்கிடுச்சு. "யோகேஸ்வரி… கொண்டு வா, போட்டுக் காட்டு." புள்ள கொண்டு வருது. பழுப்புக் கலர்.

"நீ எடுத்தது நீலம் இல்ல?"

"ஆமா மிஸ். இது என்னுது இல்ல. போட்டா தலை சுத்துது."

"அடிப்பாவி… ஏன் சொல்லலை?"

"சொன்னேன் மிஸ். மேடையை விட்டு இறங்கினதும் ஹெட்மாஸ்டர்கிட்ட சொன்னேன். 'சும்மா குடுத்ததுல குத்தம் கண்டுபிடிக்கிறியா'ன்னு திட்டினாரு. அதைப் பாத்து யாருமே வாயைத் திறக்கலை."

புரியுதா? பெட்டிங்க பேர் வரிசையில இருந்துச்சு. புள்ளைங்க உயர வரிசையில வந்துச்சு. பெட்டி மேல பேரு இருந்துச்சே, யாரும் படிக்கலையா? யாருய்யா படிக்கிறது… தலைவர் கேமராவைப் பாத்துக்கிட்டுல்ல இருந்தாரு!

மறுநாள் காலையில ஜெசிந்தா பள்ளிக்கூடத்துக்குப் போச்சு. எல்லாரையும் வட்டமா உக்கார வச்சு, கண்ணாடிங்களை நடுவுல குவிச்சு, "அவங்கவங்களோடதை எடுத்துக்கங்க"ன்னுச்சு. மணி அடிக்கிறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. யோகேஸ்வரியோட நீலக் கண்ணாடி எங்க இருந்துச்சு தெரியுமா? நம்ம நன்றியுள்ள பையன் மூஞ்சியில! அவன் கழட்டிக் குடுத்துட்டுக் கண்ணைக் கசக்கிக்கிட்டு, "அப்பாடா"ன்னான்.

சாயங்காலம் நாகஜோதி கையில பஸ் டிக்கெட்டைக் குடுத்து, "இதுல இருக்கிற பொடி எழுத்தை உன் மகளைப் படிக்கச் சொல்லு"ன்னுச்சு ஜெசிந்தா. புள்ள கடகடன்னு படிச்சுது. அப்புறம் எதிர்ச் சுவத்துல இருந்த காலண்டரை, உக்காந்த இடத்துல இருந்தே படிச்சுது. அந்தம்மா புள்ளையை இழுத்து மடியில போட்டுக்கிட்டு அழுதுச்சு. திங்கக்கிழமை வேன் வந்துச்சு… வெறும் வேனாத் திரும்பிப் போச்சு.

சங்கம் என்ன பண்ணுச்சு? பேரணி மகத்தான வெற்றின்னு தலைவருக்குக் கேடயம் குடுத்துச்சு!

சிரிக்கிறீங்க. நல்லாச் சிரிங்க. ஆனா ஒண்ணு கேக்குறேன். டாக்டர் கண்ணைப் பாத்தாரு. வாத்தியார் மார்க்கைப் பாத்தாரு. தலைவர் கேமராவைப் பாத்தாரு. புள்ளைய யாருய்யா பாத்தது? குடுத்ததுக்கு அப்புறம் வீடு தேடிப் போயி, "தெரியுதா?"ன்னு ஒருத்தி கேட்டா பாருங்க… அதுதான்யா சமூகப் பணி. வைத்தியமும் படிப்பும் அந்த ஒரு கேள்வியிலதான் ஒண்ணா சேருது.

நான் முடிச்சுக்கிறேன். அடுத்து, காது கேக்காத புள்ளைங்களுக்குக் காது மிஷின் வழங்குறாங்க. முன் வரிசையில புள்ளைங்க உக்காந்திருக்காங்க… யாரோ அழகா, உயரம் பாத்து உக்கார வச்சிருக்காங்க.

அய்யா, ஒரே ஒரு வேண்டுகோள். பெட்டி மேல பேரைப் படிச்சுக் குடுங்க. மாட்டி விட்டதும் "கேக்குதாப்பா?"ன்னு கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் நில்லுங்க. ஏன்னா மிஷின் மாறிப் போயிருந்தா, நீங்க கேட்டதுகூட அந்தப் புள்ளைக்குக் கேக்காது… சும்மா சிரிச்சுக்கிட்டே தலையை ஆட்டும். போட்டோவுல அது ரொம்ப நல்லா இருக்கும்.