பூஞ்சை பிடித்த தட்டுகள்

எனக்கு மெதுவாகத்தான் பேச வரும். விசாரிக்கும் உங்களுக்குக் கேட்கவில்லையென்றால் சொல்லுங்கள், திரும்பச் சொல்கிறேன்.

பல்கலைக்கழக நுண்ணுயிர் ஆய்வகத்தில் நான் உதவியாளர். அறிவியல் பட்டம், முதல் வகுப்பு. ஐந்து வருடமாக மற்றவர்கள் கிருமி வளர்த்த கண்ணாடித் தட்டுகளைக் கழுவுகிறேன். ஊறிப்போன துணியின் நாற்றம் கையை விட்டுப் போகாது, சோற்றிலும் அடிக்கும். மாணவர்கள் எனக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான்.

இறுதியாண்டுப் பெண் ஒருத்தி. அவளை எல்லோரும் வாயாடி என்பார்கள். அவளுடைய ஆய்வு சரியாக வந்தால் வேலை தருவதாக ஒரு மருந்து நிறுவனம் சொல்லியிருந்தது. அங்கே நானும் இரண்டு முறை விண்ணப்பித்திருக்கிறேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

"இந்தப் படிப்புக்கெல்லாம் கடைசியில வேலை கிடைக்காதுடி" என்று சொல்லிப் பார்த்தேன்.

"காலங்காத்தால நல்ல வார்த்தையா நாலு சொல்லுங்கக்கா" என்று சிரித்தாள்.

வெறும் பேச்சை அவள் நம்பவில்லை. ஆதாரம் தேவைப்பட்டது.

தினமும் ஏழரைக்கு ஆய்வகத்தைத் திறப்பவள் நான். அவளுடைய தட்டின் மூடியைக் கொஞ்சம் தூக்கி, கழுவாத நகத்தை ஓரத்தில் ஒரு முறை தேய்ப்பேன். அவ்வளவுதான். மூன்றாம் நாள் சாம்பல் நிறத்தில் மயிர் முளைத்ததுபோல் பூஞ்சை பொங்கியிருக்கும்.

முதலில் அவள் சளைக்காமல் மறுபடி ஆரம்பித்தாள். பிறகு தாமதமாக வந்தாள். பிறகு குறிப்பேட்டில் தேதி மட்டும் எழுதினாள்.

ஒன்பதாவது வாரம், "அக்கா, என் கையிலதான் ஏதோ அழுக்கு இருக்கு. எனக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது போல" என்றாள்.

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்றேன். சோப்பு எடுத்துக் கொடுத்தேன்.

கழுவிக் கழுவி அவள் தோல் வெடித்தது. வெடிப்பில் சீழ் வைத்தது. அந்தக் கையோடும் கடைசியாக ஒரு முறை முயன்று பார்க்க வந்தாள். பேராசிரியர் அதற்குமேல் அவகாசம் தருவதாக இல்லை.

"சோப்பு பத்தாதுக்கா" என்றாள்.

கிருமி கொல்லும் ஃபீனால் இருக்கும் அலமாரியின் சாவி என்னிடம்தான் இருக்கும். கொடுத்தேன். அவள் தண்ணீர் கலக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தோல் வெளுத்து, நனைந்த காகிதம்போல் உரிந்து வந்தது.

விரல்கள் இனி மடங்காது என்று டாக்டர் சொன்னாராம். நல்லவேளை, வயது இருக்கிறது; வேறு வழி பார்த்துக்கொள்ளலாம். அக்கறையுள்ள யாராவது அவளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். நீங்கள் அனுமதித்தால், நானே மருத்துவமனைக்குப் போய்ச் சொல்கிறேன்.