திரும்ப வரலாம்

இந்த நோயாளிகள் சந்திப்புக்குத் தலைமை ஏற்றிருக்கும் மருத்துவர் அம்மா அவர்களே, தழும்பைச் சட்டைக்குள் மறைத்துத் தலையை நிமிர்த்தி அமர்ந்திருக்கும் பெரியோர்களே, காத்திருப்பு அறையின் ஒவ்வொரு நாற்காலியையும் அறிந்த தாய்மார்களே, மூன்றாம் வரிசையில் நெளிந்துகொண்டிருக்கும் என் அப்பா அவர்களே, வணக்கம்.

சிரிக்கிறீர்கள். அவர் நெளிவது வெட்கத்தால் மட்டுமல்ல. முதுகுக்குள் இரண்டு கம்பிகள் இருந்தால் மெத்தையும் குத்தும்.

அப்பா புத்தக பைண்டர். நூல்களின் முதுகைத் தைப்பவர். அவர் முதுகெலும்பிலேயே ஓர் அரிய கட்டி வளர்ந்தது. சுற்றியிருந்த நல்ல எலும்பிலும் ஓர் ஓரம் சேர்த்து, ஒரு பகல் முழுக்க வெட்டி எடுத்து, கம்பிகளால் முட்டுக் கொடுத்தார்கள். பிறகு மருத்துவர் அம்மா சொன்னார்: "நல்லபடியா எடுத்தாச்சு. ஆனா திரும்ப வரலாம்."

அப்பாவுக்கு என்ன கேட்டது? வேலைக்குத் திரும்ப வரலாம் என்று கேட்டது! மருந்து மயக்கத்தில் சன்னல் வெளிச்சம் தாள் தாளாக உதிர்ந்ததாம். படுத்தபடியே அத்தனையையும் அடுக்கித் தைத்தாராம். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "திரும்ப வரலாம்னுட்டாங்க" என்று பூரித்தார். என் அம்மா திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை. அந்த முகத்தை யாருக்குத்தான் திருத்த மனம் வரும்?

முதல் பரிசோதனையில் செவிலியர் அக்கா, திரும்ப வரக்கூடியது கட்டி என்று உண்மைப் பொருளைச் சொல்லிவிட்டார். அதன்பின் அப்பா மருத்துவமனைப் பக்கமே போகவில்லை. கேட்டால், அடுத்த ஸ்கேனுக்குத் தேதி போட்ட அட்டை தொலைந்துவிட்டது என்றார். ஓராண்டு ஓடியது.

இதோ, என் அகராதி. கிழிந்துபோன இதை அப்பாதான் புதிதாகக் கட்டித் தந்தார். ஒருநாள் அகல விரித்தேன். முதுகுத் துணி மேலெழும்பியது. உள்ளே எட்டிப் பார்த்தால், தாங்கலுக்கு ஒட்டிய அட்டையில் ஒரு தேதி.

"அப்பா, இது ஸ்கேன் அட்டை."

"தடிமன் சரியா இருந்துச்சும்மா."

நான் சிரிக்கவில்லை. அவர் பசைக் கிண்ணத்தையே பார்த்தார்.

"நாமளே போய் அதைக் கூப்பிடணுமா?" என்றார்.

"கூப்பிட வேண்டாம்பா. வந்திருக்கான்னு பார்த்துட்டு வரலாம்."

மறுநாள் போனோம். இயந்திரம் முனகியது. கதவுக்கு வெளியே எனக்கு ஒரு பகற்கனவு: அப்பாவின் முதுகு ஒரு புத்தகம், யாரோ வெள்ளை விரல்களால் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறார்கள், ஒரு பக்கத்தில் விரல் நிற்கிறது.

நின்றது. வந்திருந்தது, அரிசியளவு. சிறிதாக இருந்ததால் எடுக்க முடிந்தது. கதிர்வீச்சும் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. குணமாகிவிட்டதா என்று கேட்கிறீர்களா, முன்வரிசைப் பாட்டி? தெரியாது. நாளைக் காலை மறுபடி ஸ்கேன்.

இன்று காலை அப்பா சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். புது அட்டை! மடிக்கவில்லை, ஒட்டவில்லை, ஒளிக்கவில்லை.

கட்டியே, நீ திரும்ப வரலாம். ஒருமுறை வரலாம், மறுமுறை வரலாம். நாங்களும் வருவோம். அட்டையோடு வருவோம், அப்பாவோடு வருவோம், உனக்கு முன்னால் வருவோம்!

அரிசியளவைக் கண்டெடுத்த கண்களுக்கும், இவ்வளவு நேரம் நாற்காலியைப் பொறுத்துக்கொண்ட முதுகுகளுக்கும் என் நன்றி. வணக்கம்.