லாவண்யா ஓட்டிய கார்

பெங்களூரில், அதுவும் ஈஜிபுராவில் குடியிருந்துகொண்டு கார் வைத்துக்கொள்வது வேண்டாத வேலை, டாக்டர். எங்கள் வாசலில் ஒரு ஸ்கூட்டரை நிறுத்தினாலே எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறக்க முடியாது. அதனால் காரை இரண்டு தெரு தள்ளி, கோயில் மதிலோரம் நிறுத்தி வைக்கிறோம். கார் அங்கே இருக்கிறதா, யாராவது எடுத்துப் போயிருக்கிறார்களா என்று வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாது.

நேற்று லாவண்யாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, மறதி எப்போது ஆரம்பித்தது என்று என்னிடம் கேட்டீர்கள். பிரசவத்துக்குப் பிறகு என்று சொன்னேன். நீங்களும் தலையாட்டிக்கொண்டே எழுதிக்கொண்டீர்கள். அது சரியான பதில் இல்லை. அதைத் திருத்தத்தான் இன்று தனியாக வந்திருக்கிறேன்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். எலெக்ட்ரானிக் சிட்டியில், கார்களின் பிரேக்கைச் சோதிக்கும் கம்பெனியில் இருக்கிறேன். புதிய வண்டியைச் சோதனைத் தடத்தில் ஓட்டிப் பார்ப்பதற்குத் தனியாக ஒரு பாஸ் கொடுப்பார்கள். சாலையில் வேகத்துக்காக ஒரே ஒரு அபராதம் வந்தாலும் அந்தப் பாஸ் போய்விடும். பிறகு காலம் முழுக்க மேஜையில் உட்கார்ந்து மற்றவர்கள் ஓட்டியதைப் பற்றி அறிக்கை எழுத வேண்டியதுதான். எங்கள் வீட்டு வண்டிகளின் எண்களையும் கம்பெனியில் கொடுத்து வைத்திருக்கிறோம். பாதுகாப்பு அதிகாரி மௌரீன் மாதம் ஒரு முறை அவற்றையெல்லாம் சரிபார்ப்பார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என் பெயரில் ஒரு கறை கிடையாது. ஃப்ளைஓவரில் எண்பதுக்கு மேல் போகவே மாட்டேன் என்பதால் ஆபீசில் என்னை ‘எண்பது ஹரிஷ்’ என்று கிண்டல் செய்வார்கள். வெளியே கோபித்துக்கொள்வேன். உள்ளுக்குள் அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டேன். எங்கள் கூட்டங்களில் முதல் ஐந்து நிமிடம் யாராவது ஒருவர் பாதுகாப்பைப் பற்றிப் பேச வேண்டும். வேறு எதைத் தள்ளி வைத்தாலும் அதைத் தள்ளி வைக்க மாட்டார்கள். அன்று என் முறை. லாவண்யாவும் குழந்தையும் அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தார்கள். எழுப்ப மனமில்லாமல் ஆணியிலிருந்து கார் சாவியை எடுத்துக்கொண்டு கதவை மெதுவாகச் சாத்தினேன். சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் இருந்த நேரமெல்லாம் போய்விட்டது. ஃப்ளைஓவரில் ஏறியதும் ரோடு காலியாகக் கிடந்தது. நூற்றொன்பதில் போயிருக்கிறேன். கேமராவை நான் கவனிக்கவில்லை.

அந்தக் காருக்குக் கம்பெனி கேட்டில் அனுமதி வாங்கி வைக்காததால் வெளியே ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தினேன். கூட்டத்தில் நன்றாகப் பேசினேன், கை தட்டினார்கள். சாயங்காலம் காரைப் பழைய இடத்தில் விட்டுவிட்டுச் சாவியை ஆணியில் மாட்டினேன். லாவண்யாவிடம் மறைக்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பேச்சு வரவில்லை, அவ்வளவுதான்.

கார் லாவண்யாவின் பெயரில் இருக்கிறது. அவள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது அவளுடைய ஆபீஸில் கடன் சுலபமாகக் கிடைத்தது என்று அப்படி வாங்கினோம். அதனால் அபராதச் செய்தி அவளுடைய போனுக்கு வந்தது. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போனை என் முன்னால் நீட்டினாள்.

“என்னங்க, செவ்வாக்கிழமை காலைல நம்ம காரு ஃப்ளைஓவர்ல நூத்தி ஒம்போதுல போச்சாம். ஃபைன் போட்ருக்காங்க. கார நான் எடுத்தனா?”

நான் எடுத்தேனா என்றுதான் கேட்டாள். நீங்கள் எடுத்தீர்களா என்று கேட்கவில்லை. என்னை அவள் சந்தேகப்படவே இல்லை. ஐந்து மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு, ஒரு முழுத் தூக்கம் என்பதே இல்லாமல் இருந்தவள் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். போட்டோ பின்னாலிருந்து எடுத்தது. நம்பர் பிளேட் தெரிந்தது, ஆள் தெரியவில்லை.

நான் தண்ணீர் குடித்தேன். பிறகு, “ஐடி கார்டு மறந்துட்டுப் போய்ட்டேன்னு நீதான எடுத்துட்டு வந்து கேட்ல குடுத்த?” என்றேன்.

இது முழுப் பொய்யும் இல்லை. அவள் கர்ப்பமாக இருந்தபோது ஒரு நாள் அப்படிக் கொண்டு வந்து கொடுத்திருக்கிறாள். கூடவே ஒரு டப்பாவில் எலுமிச்சை சாதமும் இருந்தது. அந்த நாளை எடுத்து இந்தச் செவ்வாய்க்கிழமையில் வைத்தேன். அவளுக்கு அந்த கேட் ஞாபகம் இருந்தது, வாட்ச்மேன் சிரித்தது ஞாபகம் இருந்தது. அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். ஒரு நிமிடம் கழித்து, “அப்ப பாப்பா எங்க இருந்தா?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. ஐந்து மாதக் குழந்தையை வீட்டில் தனியாக விட்டுவிட்டு வந்தாய் என்று ஒரு தாயிடம் சொல்வது நியாயமில்லை. அதனால் பின் சீட்டில் படுக்க வைத்திருந்தாய் என்றேன். அவள் மனம் நோகாமல் சொல்லத்தான் நினைத்தேன், டாக்டர். அப்போது அப்படித்தான் எனக்குப் பட்டது.

அவள் அழவில்லை. தொட்டிலுக்குப் போய் தாரணியின் தலையை முகர்ந்து பார்த்துக்கொண்டே நின்றாள். நூற்றொன்பது என்று ஒரு முறை வாய்க்குள் சொன்னாள். பிறகு திரும்பி என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

அடுத்த வாரம் மௌரீன் அவளுக்குப் போன் செய்தார். வீட்டில் வேறு யாராவது ஓட்டியிருந்தால் அவர்களிடமே ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது கம்பெனி விதி. லாவண்யா ஸ்பீக்கரில் போட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

“பயப்படாதீங்க லாவண்யா, ரூல்னு ஒண்ணு இருக்குதே, அதுக்காகக் கேக்கறேன். அன்னிக்கு நீங்கதானே ஓட்டினது?”

“ஆமா மேடம், என் தப்புதான். அவருக்கு இதுல ஒண்ணும் சம்பந்தம் இல்ல. அவரு எண்பதத் தாண்டவே மாட்டாரு.”

எனக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன். அபராதத்தைக் கட்டினோம், என் பாஸ் என்னிடமே இருந்தது. மறுநாள், இப்படி ஒரு மனைவி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று மௌரீன் சொன்னார். ஆமாம் என்றேன். விஷயம் அத்தோடு முடிந்துவிடும் என்று நிஜமாகவே நம்பினேன்.

பத்து நாள் போயிருக்கும். ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் லாவண்யா வாசலுக்கே வந்துவிட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு.

“என்னங்க, நான் ஓட்டல! செவ்வாக்கிழமை பாப்பாவுக்கு எண்ணெக் குளியல். பாஞ்சாலி அக்கா வந்து ஊத்துவாங்கல்ல? எண்ணெ தேச்சு, சாம்பிராணி போட்ட கொழந்தைய யாராச்சும் வெளிய தூக்கிட்டுப் போவாங்களா? நான் போயிருக்கவே மாட்டேன். வேற யாரோ நம்ம நம்பர் மாதிரி வச்சு ஓட்டிருக்கான்.”

அவள் சொன்னது முழுக்கச் சரி. பெண் குழந்தைக்குச் செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய்க் குளியல். பாஞ்சாலி எங்கள் தெருமுனையில் இருப்பவர். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். பச்சைக் குழந்தைகளைக் காலில் போட்டு நீவிக் குளிப்பாட்டுவதில் இந்தப் பக்கம் அவரை விட்டால் ஆள் இல்லை. குளித்த குழந்தை மத்தியானம் வரை தூங்கும். அந்த நாட்களில் லாவண்யா வாசல் கதவைக்கூடத் திறக்க மாட்டாள், சளி பிடித்துவிடும் என்று. தன் மேல் இருந்த பழி பொய் என்பதை அவள் தானாகவே கண்டுபிடித்துவிட்டாள். நான் சும்மா இருந்திருந்தால் போதும்.

“அந்த வாரம் மழைன்னு பாஞ்சாலி புதன்கிழமைதான வந்தா?” என்றேன்.

“அப்டியா?” என்றாள்.

“மறந்துட்டியா?” என்று கேட்டேன்.

அந்தச் சிரிப்பு அவள் முகத்திலிருந்து எப்படிப் போனது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகு நான் அதைப் பார்க்கவும் இல்லை.

லாவண்யா பாஞ்சாலியைக் கேட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும். ஆகவே மறுநாள் காலையில் பஸ்ஸுக்குப் போகும் வழியில் நானே பாஞ்சாலி வீட்டில் நின்றேன். லாவண்யாவுக்கு மனசு சரியில்லை, வெளியாட்களைப் பார்த்தால் பதற்றப்படுகிறாள், இனிமேல் வர வேண்டாம் என்றேன்.

“இன்னா சார் சொல்றீங்க? அந்தப் பொண்ணு சென்னாக, நல்லாத்தானே கீது? முந்தாநேத்து கூட எங்கிட்ட சிரிச்சிப் பேசினு இருந்துச்சே.”

“டாக்டர் சொல்லியிருக்காங்க” என்றேன். அப்போது டாக்டர் யாரும் இல்லை. உங்களிடம் நாங்கள் வந்தது அதற்கு எவ்வளவோ நாள் கழித்து.

“புள்ளய மட்டும் வெறும் தண்ணில குளிப்பாட்டாதீங்க சார்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். லாவண்யாவிடம், பாஞ்சாலிக்கு வேறு வீடு கிடைத்துவிட்டதாம் என்றேன். லாவண்யாவுக்கு அம்மா இல்லை, பிரசவமே இங்கேதான் நடந்தது. பாஞ்சாலியும் நின்ற பிறகு பகலில் அவளோடு பேச ஆளில்லை.

நீங்கள் மூன்று சம்பவங்களைக் குறித்து வைத்திருக்கிறீர்கள். அவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு பயணத்தை மட்டும் ஒருத்தி மறந்தாள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். அவளும் நம்பவில்லை, அடிக்கடி அந்தச் செவ்வாய்க்கிழமைக்கே திரும்பி வந்து யோசித்துக்கொண்டிருந்தாள். வேறு சிலவற்றையும் மறந்திருந்தால் அவள் அமைதியாகிவிடுவாள் என்று நினைத்தேன். கார் சாவியை ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பின்னால் வைத்தது நான். அவள் துணி காயப்போட மாடிக்குப் போனபோது, அணைத்திருந்த அடுப்பை மறுபடி பற்றவைத்துப் பால் பாத்திரத்தைத் தீயவிட்டது நான். குழந்தை ஹாலில் தவழ்ந்துகொண்டிருக்க வாசல் கதவு திறந்து கிடந்ததே, அதுவும் நான்தான். குழந்தைக்கு ஆபத்து எதுவும் இல்லை. நான் படிக்கட்டில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

லாவண்யா எதையும் மறக்கவில்லை, டாக்டர். ஒரு முறைகூட. அவளுக்கு இருக்கும் ஞாபகசக்தி எனக்குக் கிடையாது.

இப்போது அவள் குழந்தையைத் தனியாகத் தூக்குவதில்லை. பால் கொடுப்பதென்றால்கூட நான் பக்கத்தில் இருக்க வேண்டும். பகலில் தாரணியைத் தொட்டிலிலேயே விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். நான் வந்து வாங்கிக்கொள்ளும் வரை எழுந்திருப்பதில்லை. நேற்று நீங்கள் மாத்திரை எழுதியபோது, அதைத் தொடங்கினால் தாய்ப்பாலை நிறுத்திவிட வேண்டும் என்றீர்கள். அவள் உடனே சரி என்றாள். குழந்தையைத் திருப்பத்தூரில் என் அக்கா உஷாவிடம் விட்டுவிடலாம் என்று அவளே சொன்னாள். அக்கா நாளைக் காலையில் வருகிறாள். அந்த மாத்திரைச் சீட்டு என் பையில் இருக்கிறது. இன்னும் வாங்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு மருந்துக் கடை வரைக்கும் போனேன், உள்ளே போக முடியவில்லை. கேவலமாக இருந்தது. இத்தனைக்கும் பிறகு அந்தக் கடை வாசலில்தான் எனக்கு முதல் முறையாக என்னைப் பற்றியே அருவருப்பு வந்தது.

அதனால் நேற்றுச் சாயங்காலம் அவளிடம் சொல்லிவிட்டேன். தாரணியின் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, காரை ஓட்டியது நான் என்றேன். பஸ்ஸைத் தவறவிட்டதைச் சொன்னேன், டீக்கடையைச் சொன்னேன். பாஞ்சாலி செவ்வாய்க்கிழமைதான் வந்தார் என்றும் சொன்னேன். சாவியையும் அடுப்பையும் பற்றிச் சொல்வதற்குள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்காகப் பழிய உங்க மேல போட்டுக்காதீங்க. நான் சமாளிச்சுப்பேன். நீங்களும் எவ்ளோதான் தாங்குவீங்க?” என்றாள்.

இல்லை லாவண்யா என்றேன். அவள் என் தலையைத் தடவிக் கொடுத்தாள். நீங்கள் எண்பதைத் தாண்ட மாட்டீர்கள், எனக்குத் தெரியாதா என்றாள். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. களைத்துப் போயிருந்தாள், மேலும் குழப்ப வேண்டாம் என்று பட்டது. இரண்டு பேரும் சேர்ந்து மிச்சச் சட்டைகளை மடித்துப் பையில் வைத்தோம். அக்கா வருவதற்குள் எல்லாம் தயாராக இருக்கட்டும் என்றாள்.

நீங்கள் அவளைக் கூப்பிட்டுப் பேசுவதானால் இது ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், டாக்டர். நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். நம்பாதது அவள்தான்.