டெய்லர் வீட்டு வாசல் வேம்பு வாடியது குறித்து

பெயரும் தகப்பனார் பெயரும் மேலே எழுதிக்கொண்டபடி. வயது ஐம்பத்திரண்டு. படிப்பு பத்தாம் வகுப்பு. கணக்கை இரண்டாம் முறை எழுதித்தான் தேறினேன், கேட்கப்படவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். தொழில், இரும்புக் கதவு மற்றும் ஜன்னல் கம்பி வெல்டிங். குடியிருப்பின் நான்காவது தெருக் கடைசி வீட்டில் மனைவி, மகளுடன் வசித்து வருகிறேன். வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையே பட்டறை. எதிர்வீட்டு டெய்லர் கொடுத்த புகாரின் பேரில் இன்று காலை காவல் நிலையத்துக்கு அழைக்கப்பட்டு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன். என் மனைவி மட்டும் "உள்ளதைச் சொல்லுங்க, கதை அளக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினாள். அதை வற்புறுத்தலில் சேர்க்க வேண்டியதில்லை.

குடியிருப்பு உருவான புதிதில் தெருவில் நிழல் என்று பெயருக்குக்கூட எதுவும் கிடையாது. ஸ்கூட்டர் சீட்டில் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் உட்கார முடியும். ஆகவே எல்லோரும் சேர்ந்து நிழல்மரக் குழு ஒன்று ஆரம்பித்து, வீட்டுக்கு ஒரு வேப்பங்கன்று நட்டோம். கன்றுகளுக்கு இரும்புக் கூண்டு செய்துதரும் பொறுப்பு எனக்கு வந்தது. முதலில் செய்த கூண்டுகளுக்குக் கதவு வைக்க மறந்துவிட்டேன். களை பிடுங்க யாராலும் உள்ளே கை நுழைக்க முடியவில்லை. ஆடுகளால் மட்டும் வாயை நுழைக்க முடிந்தது. அதன் பிறகு என் வீட்டு வாசலில் நட்ட கன்றை, லோடு வண்டியைப் பின்னால் எடுக்கும்போது நானே கூண்டோடு ஏற்றிவிட்டேன். ஆகையால் மரம் சம்பந்தமாகத் தெருவில் எனக்கு நல்ல பெயர் இல்லை.

டெய்லர் வீட்டு வேம்பை நட்டவர் டெய்லரின் மனைவி. அவரைத் தெருவே அக்கா என்று கூப்பிடும். கன்றைக் குச்சியோடு சணலால் கட்டினால் பட்டை அறுபடும் என்று, லைனிங் துணியைக் கிழித்து அதனால் கட்டினார். ரோஜா நிற லைனிங் போட்ட மரம் எங்கள் தெருவில் அது ஒன்றுதான். தையல் மெஷினை வாசலுக்கு இழுத்துப்போட்டு மதியத்தில் தைக்கிற அளவு நிழல் விழ ஆரம்பித்த வருஷம் அக்கா இறந்துவிட்டார். அதன் பிறகு டெய்லர் அண்ணன் மரத்தடியிலேதான் தைத்தார். மரத்தோடு பேசுவார். நான் ஒட்டுக்கேட்டதில்லை. "இந்தக் கழுத்து சரியா உக்காரல பாரு" என்று ஒருநாள் சொன்னது தானாகக் காதில் விழுந்தது.

அதன் பிறகு அவருக்கு முழங்காலில் ஆபரேஷன் என்று முடிவாகி, மகன் வீட்டில் தங்கப் போவதாகத் தெரிந்தது. புறப்படுவதற்கு முந்தின நாள் பட்டறைக்கு வந்து, நான் முகமூடியைத் தூக்கும் வரை காத்திருந்து சொன்னார்: "தம்பி, இந்தத் தெருவில நான் நம்புற ஒரே ஆளு நீதான். தினம் ஒரு குடம் ஊத்திடு. யார்கிட்டயும் சொல்லாத. சொன்னா, அடுத்தவன் பாத்துப்பான்னு ஆளாளுக்கு விட்டுடுவாங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் மகள் பிறந்தபோது என் மாமனார் அவளை என் கையில் கொடுத்தார். அதன் பிறகு யாரும் எதையும் அவ்வளவு நம்பிக்கையாக என்னிடம் கொடுத்ததில்லை. மாமனாரும் கீழே தன் கையை வைத்துக்கொண்டுதான் கொடுத்தார்.

யாருக்கும் தெரியக்கூடாது என்பதால் பால்காரர் வருவதற்கு முன்பே எழுந்து ஊற்றி வந்தேன். குடத்தை எடுத்தால் மனைவி கேட்பாள் என்று, பட்டறையில் காலியாகக் கிடந்த, பெயின்ட்டில் கலக்கிற தின்னர் கேனைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்து அதில் தண்ணீர் பிடித்தேன். கொஞ்ச நாள் கழித்து இலை மஞ்சளாக ஆரம்பித்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இரண்டு கேன் ஊற்றினேன். அதன் பிறகு இலை உதிர ஆரம்பித்தது. மூன்றாக்கினேன். மண் சேறாக இருந்ததைப் பார்த்தேன். என் சேவையின் பலன் என்றுதான் நினைத்தேன்.

நேற்று டெய்லர் அண்ணன் ஆட்டோவில் வந்து இறங்கினார். ஊன்றுகோலோடு மரத்தடியில் நின்றவர் வீட்டுக்குள் போகவில்லை. பாதிக் கிளைகள் மொட்டை. கோலின் நுனியால் மண்ணைக் கிளறி, நுனியில் ஒட்டியதை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருக்கும் அம்மா வந்து, நான் விடிவதற்கு முன் தின்னர் கேனோடு மரத்தடியில் நின்றதைப் பார்த்ததாகச் சொன்னார். அவர் பார்த்தது உண்மை. அதன் பிறகு டெய்லர் அண்ணன் அதே ஆட்டோவில் ஏறி நிலையத்துக்குப் போய்விட்டார். மரத்துக்கு யாரோ ஏதோ ஊற்றிவிட்டார்கள் என்று எழுதிக்கொடுத்தவர், யார் மேல் சந்தேகம் என்று கேட்டதற்கு யார் மேலும் இல்லை என்றாராம். என் பெயரைச் சொன்னது மருந்துக்கடை அம்மாதான்.

இன்று காலை நிலையத்தில் எதிர் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். அளவுநாடா கழுத்திலேயே கிடந்தது. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் சுவரிலிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் போன மாதத் தாளைக்கூட யாரும் கிழிக்கவில்லை. "அண்ணே, சொல்லிடட்டுமா?" என்று கேட்டேன். அவர் காலண்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதன் பிறகு மேற்கண்டவற்றை ஏட்டையாவிடம் சொன்னேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டெய்லர் அண்ணன், "மூணு கேனுக்கு மண்ணு இப்படி அழுகி நாறாதே தம்பி" என்றார். குரலில் சந்தேகத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது.

அந்த நேரத்தில் என் மனைவி தின்னர் கேனைத் தூக்கிக்கொண்டு, மகளோடு உள்ளே வந்தாள். கேனை மேஜைமேல் வைத்து, "மோந்து பாருங்க சார், சோப்பு வாசம்தான் வரும்" என்றாள். அதன் பிறகு, "தண்ணி நானும் ஊத்தினேன். பாத்திரம் அலசின தண்ணி, ரெண்டு பக்கெட்" என்றாள்.

ஏட்டையா, "ஒரே வீட்ல எதுக்கும்மா ரெண்டு பேரு?" என்று கேட்டார்.

"அண்ணன் எங்கிட்டத் தனியா வந்து சொன்னாரு சார். இந்தத் தெருவில நான் நம்புற ஒரே ஆளு நீதான்மா, உன் வீட்டுக்காரன் மறந்துடுவான்னு."

என் மகள் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். அவள், "நானும்தான்ப்பா" என்றாள். "வேலைக்குப் போறப்ப ஒரு குடம். பெரியப்பா யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாரு. அம்மாவுக்கு வேலை ஜாஸ்தி, அப்பா சரிப்பட மாட்டாருன்னு..."

நான் டெய்லர் அண்ணனைப் பார்த்தேன். அவர் காலண்டரை விட்டுத் தரையைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். அதன் பிறகு வாசலில் நின்ற மருந்துக்கடை அம்மா, கடை மூடுகிற நேரத்தில் தானும் ஊற்றியதாக மெதுவாகச் சொன்னார்.

இந்த இடத்தில் எழுதிக்கொண்டிருந்த ஏட்டையா பேனாவை மூடிவைத்தார். "ரோந்து வரும்போது ரெண்டு பாட்டில் நானும் ஊத்தியிருக்கேன்யா. யூனிஃபார்ம் தைக்கக் குடுத்தப்போ சொன்னாரு" என்றார். இதை எழுத வேண்டாம் என்றார். நான் கேட்டுக்கொண்டதன் பேரில் எழுதப்பட்டது.

அதன் பிறகு டெய்லர் அண்ணன் தானாகவே சொன்னார்: "ஆஸ்பத்திரில உங்க அக்கா தூங்குறாளேன்னு, பக்கத்துக் கட்டில்காரம்மாகிட்ட மட்டும் பாத்துக்கச் சொல்லிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தா அந்தம்மாவும் தூங்கிட்டாங்க. இவளும்..." அளவுநாடாவை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தார். "ஒருத்தரை நம்பி விட்டுட்டுப் போக எனக்குத் தைரியம் வரல தம்பி."

என் மனைவி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எனக்கு ஏதாவது ஜோக் சொல்ல வேண்டும் போல இருந்தது. ஒன்றும் வரவில்லை.

வாக்குமூலம் அங்கே நிறுத்தப்பட்டது. அனைவரும் மரத்தடிக்குப் போனோம். டெய்லர் அண்ணனால் குனிய முடியாது என்பதால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கோலால் காட்டினார். நானும் ஏட்டையாவும் பாத்திக் கரையை வெட்டி, தேங்கிய தண்ணீரைச் சாக்கடைப் பக்கம் வடியவிட்டோம். அதன் பிறகு கறுத்துப்போன மேல்மண்ணை மண்வெட்டியால் வாரி எடுத்தோம். நான் செய்த கூண்டுக்குக் கதவு இல்லாததால் ஒரு பக்கக் கம்பியை அறுக்க வேண்டியதாயிற்று. அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அது பெரிய மனசு.

அதன் பிறகு டெய்லர் அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தார். என் மகள் தோள் கொடுத்தாள். லைனிங் துணியின் ஒரு நைந்த முடிச்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த இடத்துக்குக் கொஞ்சம் மேலே, கட்டைவிரல் நகத்தால் பட்டையை லேசாகக் கீறினார். உள்ளே பச்சை இருந்தது. ஈரமான பச்சை. அவர் அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். நாங்கள் எல்லோரும் பார்க்க வேண்டும் என்று நெருங்கினோம். மருந்துக்கடை அம்மா இன்னொரு பக்கம் பார்க்கலாமா என்று நகத்தை நீட்டினார். ஏட்டையாவும் கையை உயர்த்தினார். நானும்தான்.

"ஒரு கீறல் போதும்" என்றார் டெய்லர் அண்ணன். "ஆளாளுக்குக் கீறிடாதீங்க."

சிரித்தது அவர்தான் முதலில். அக்கா போன பிறகு அவர் சத்தமாகச் சிரித்து நான் இப்போதுதான் பார்க்கிறேன். மண் காய்ந்து விரலில் ஒட்டாத வரைக்கும் ஒருவரும் ஒரு சொட்டு ஊற்றக்கூடாது என்றும், அதன் பிறகு ஊற்றுவது நான் மட்டும் என்றும் எல்லோர் முன்னாலும் சொன்னார். "மறந்துட்டா?" என்று என் மனைவி கேட்டாள். "மறந்தா மறக்கட்டும்மா, வேப்பமரம்தானே, தாங்கும்" என்றார். புகாரைத் திரும்பப் பெறுவதாகவும் சொல்லிவிட்டார்.

மாலையில் மறுபடி நிலையத்துக்கு வந்து மீதியைச் சொல்லி முடித்தேன். எழுதியதை ஏட்டையா படித்துக் காட்டினார். நடந்தது இதுவே, கூட்டியதும் இல்லை, மறைத்ததும் இல்லை. கை கழுவாமல் வந்துவிட்டபடியால் கையெழுத்தின் மேல் சேறு பட்டிருக்கிறது. கையெழுத்து என்னுடையதே. சேறும்.

(ஒப்பம்)